இரவு இரண்டு மணிப் பூஜ்யம்

ஆனைகட்டிச் சோதனைச்சாவடிக்குக் கீழே கொடுங்கரைப்பள்ளம்.
இக்கரை கோவை, அக்கரை பாலக்காடு.
நடுவே ஓட
வருடத்தில் நாலு மாதம்தான் தண்ணீர்.
மீதி எட்டு மாதம்
எல்லை என்பது கூழாங்கல்.

தொண்ணூற்றேழு பங்குனியில் முதல் ஊசியை இறக்கினேன்,
அக்கரைத் தோட்டத்தில், தைலமரம் எண் பதினான்கில்.
மேலே ஒன்று, சூடேற்றியது.
கீழே ஒன்று, சும்மா.
சாறு ஏற ஏற மேல் ஊசி குளிரும்;
எவ்வளவு குளிர்ந்ததோ அதிலிருந்து
நாளுக்கு இத்தனை லிட்டர்.
பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா இதைச் சுருக்கினார்:
"மரத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறாள்."
அவர்கள் பஜ்ஜியை முடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

லாரி பேட்டரியைத் தலையில் சுமந்து
நஞ்சன் ஏறுவான். பின்னால் நான், வயர்ச் சுருளோடு.
முள்ளம்பன்றி கடித்ததையெல்லாம்
ஒரு முழுக் கோடை ஒட்டுப் போட்டோம்.
என் ஆய்வேட்டின் நாற்பத்தோராம் பக்கத்து அட்டவணையில்
ஆவணி மூன்றாம் வாரம் காலி.
குறிப்பு: யானை.
விளக்கவும், என்று சிவப்பு மையில் கேட்டார்
டேராடூனில் இருந்த தேர்வாளர்.
யானை, என்று மறுபடி எழுதினேன்.

ஒன்று மட்டும் எல்லோரும் வைத்துக்கொண்டது:
இரவில் மரம் குடிக்காது.
இரண்டு மணி அளவீட்டைப் பூஜ்யம் என்று எடு,
மற்றதையெல்லாம் அதிலிருந்து எண்ணு.
அந்தப் பூஜ்யத்தின் மேல்தான் முனைவர் பட்டம்,
பிறகு ரீடர், பிறகு பேராசிரியர்,
பிறகு பாலக்காட்டில் ஒரு சாட்சிக்கூண்டு.

அக்கரையில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்.
"கிணற்றில் வெள்ளமில்ல, டீச்சரே" என்றார் அவுசேப்பு.
என் தமிழ்க் காதில்
அது நல்ல செய்தி போல விழுந்தது.
கம்பெனி மரங்கள் குடித்துவிட்டன என்பது வழக்கு.
ஒரு மரம் எவ்வளவு?
இருபத்தேழு லிட்டர், என்றேன்.
பிழை எல்லை, அடிமரச் சுற்றளவு, மண்ணின் ஆழம்
சொல்ல வாயெடுத்தேன்.
எண் போதும், என்றார் கம்பெனி வக்கீல்.
அவர் பயந்திருந்ததைவிட அது குறைவு.

பதினொரு வருடம் கழித்து ஓர் ஆடி.
கணவாய்க் காற்று ராத்திரி முழுக்க நிற்கவில்லை,
விடுதியின் ஓடுகள் இரண்டு பறந்தன.
தூக்கம் வராமல் லேப்டாப்பைத் திறந்தால்
எண் பதினான்கு,
இரண்டு தடவை வெட்டுப்பட்டு மறுபடி துளிர்த்தது,
இரண்டு மணிக்கு
மெதுவாக, நன்றாகக்
குடித்துக்கொண்டிருக்கிறது.
காற்று இலையை உலர்த்துகிறது, வேர் ஈடுகட்டுகிறது.
அதிசயம் ஒன்றுமில்லை.
நான் பூஜ்யம் என்று எழுதிய எத்தனையோ ராத்திரி
பூஜ்யம் அல்ல.

இருபத்தேழு, முப்பத்துநாலானது.
அரைப் பக்கத் திருத்தம் அச்சேறியது,
நுண்ணோக்கி விளம்பரத்துக்கு எதிரே.
நீதிமன்றத்துக்கும் எழுதினேன்.
முடிந்துபோன கோப்பு, என்று பதில் வந்தது
நல்ல மலையாளத்தில்.

ஓய்வு பெற்ற வாரம் பள்ளத்தை நடந்தே கடந்தேன்.
செருப்பு நனையவில்லை.
அவுசேப்பு போய் இரண்டு மழையாகிறது.
கிணற்றின் மேல் இரும்பு வலை,
வலையின் மேல் பாய், பாயில் காயும் குருமிளகு.
மருமகள் லில்லிக்குட்டி கட்டன் சாயா தந்தாள்.
விட்டுப்போன ஏழு லிட்டரைச் சொன்னேன்.
மன்னிப்பு என்று தொடங்கியதை
எண்ணாகவே முடித்தேன்.
அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.
பிறகு முற்றத்துப் பலாவைக் காட்டி
"இது எத்ர குடிக்கும்?" என்றாள்.

இரண்டு ஆள் கைகோத்தாலும் எட்டாத அடிமரம்.
தாழக் காய்த்திருந்தது, மண்ணைத் தொடுகிற மாதிரி.
இத்தனை வருடத்தில்
கம்பெனி நட்டதைத் தவிர வேறெதிலும்
நான் ஊசி இறக்கியதில்லை.

தெரியாது, என்றேன்.
அவள் தலையாட்டிவிட்டுக்
குருமிளகைக் கிளறப் போனாள்.